பறந்த நேரமும் எழுதிய நேரமும்



சேலத்தை அடுத்த கமலாபுரத்தில் விமான நிலையம் திறக்கப்பட்டது 1993ஆம் ஆண்டில். அண்மை ஆண்டுகளில் அங்கிருந்து சிறு பயிற்சி விமானங்களும் கிளம்புகின்றன. கிழக்கே சேர்வராயன் மலையையும் மேற்கே மேட்டூர் நீர்த்தேக்கத்தையும் அடையாளமாகக் கொண்டு இளைஞர்கள் பறப்பதை உங்களிற் சிலர் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். தரையிறங்கிய பின் அவர்கள் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. அதை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஒரு தடித்த ஏட்டைத் திறந்து, பறந்த நேரத்தை மையினால் எழுதவேண்டும். அந்த ஏட்டுக்குப் பறப்புக் குறிப்பேடு என்று பெயர். விமானிகள் ‘லாக் புக்’ என்பார்கள்.

ஒவ்வொரு விமானியும் இதனை வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். நம் நாட்டில் வாணிப விமானிக்குரிய உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். அதில் 100 மணி நேரம் தாமே பொறுப்பேற்று ஓட்டியிருக்கவேண்டும். ஆகாயத்தில் கழிந்த அந்த நேரத்துக்குத் தடயம் ஏது? மேகத்தில் சுவடு பதிவதில்லை. குறிப்பேடுதான் சாட்சி.

அதனைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். அட்டை கெட்டியாகவும் தாள்கள் நூலால் தைக்கப்பட்டும் இருப்பது நலம்; கழன்று விழும் தாள்கள் ஆகா. விமானத் துறை விதித்துள்ள பத்திகள் யாவும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். நாள், விமானத்தின் வகை, அதன் பதிவெழுத்து, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், ஆசிரியருடன் பறந்த நேரம், தனியே பறந்த நேரம், பகல், இரவு, கருவிகளை மட்டும் நம்பிப் பறந்த நேரம் என்று பத்திகள் பல. குறிப்புரைக்கான பத்தி அகலமாக இருக்கட்டும். இக்காலத்தில் கணினியிலும் பதிவு செய்கிறார்கள். ஒன்றுக்கு இரண்டாக இருப்பது நல்லதே. கையால் எழுதிய ஏட்டைக் கறையானும் மழைநீரும் அணுகாமல் காப்பது உங்கள் பொறுப்பு.

எழுதுவதிலும் இடறும் இடங்கள் உண்டு. புறப்படுவதற்காக விமானம் தன் விசையால் முதலில் அசைந்த கணத்திலிருந்து, பயணம் முடிந்து நின்ற கணம் வரை உள்ளதே பறப்பு நேரம். உலகப் பொது நேரத்தில் குறிக்கும்போது நம் கடிகாரத்திலிருந்து 5½ மணியைக் கழிக்கவேண்டும். சேலத்தில் விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட்டால், ஏட்டில் அது முதல் நாள் இரவு 23.30! கூட்டலிலும் விழிப்பு வேண்டும். 1 மணி 45 நிமிடமும் 1 மணி 30 நிமிடமும் சேர்ந்தால் 3 மணி 15 நிமிடம். தசமக் கணக்காக எண்ணி 2.75 என்று போட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒரு பக்கத்தில் நேர்ந்த பிழை, அடுத்த பக்கங்களுக்கெல்லாம் வட்டியில்லாக் கடன்போல் தொடர்ந்து வரும்.

இவை அறியாமல் நேரும் பிழைகள். அறிந்தே செய்யும் பிழை ஒன்றும் உண்டு. அதை நானே செய்தவன்.

நாமக்கல்லை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்த நான், வெளிமாநிலத்தில் பறக்கக் கற்றேன். ஒருநாள் தனியே 1 மணி 30 நிமிடப் பயணத்துக்குக் கிளம்பினேன். வழியில் கருமேகம் திரண்டிருந்தது. திரும்பிவிட்டேன், பறந்தது 40 நிமிடம். கட்டணம் கட்டப் பணம் தட்டுப்பாடான காலம் அது. “யார் பார்க்கப்போகிறார்கள்?” என்றான் உடன் பயின்றவன். ஒன்றரை மணி என்றே எழுதினேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. என் தந்தையாருக்குச் சிறிய கோழிப்பண்ணை ஒன்று இருந்தது. கோழிகளின் எண்ணிக்கை, தின்ற தீவனம், இட்ட முட்டை, இறந்தவை என்று நாள்தோறும் நோட்டில் எழுதுவார். தீவனம் கடனாகக் கொடுத்தவர் வந்தால் அந்த நோட்டைத்தான் புரட்டுவார். நோய் கண்ட ஒரு வாரத்தில், இறந்த கணக்கைக் குறைத்து எழுதலாமே என்று நான் கேட்டேன். “கணக்கில் கோழியை உயிரோடு வைத்தால், நாளைக்கு அது முட்டையிடுமா தம்பி?” என்றார் அவர்.

எனக்கும் அதே கேள்விதான். நான் பறக்காத அந்த 50 நிமிடம், புயலில் அகப்பட்டால் என் கைக்குத் துணை வருமா?

காலையில் ஆசிரியரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. “தாளைக் கிழிக்காதே, எழுதியதைச் சுரண்டாதே. ஒரே கோடு போட்டு அடித்துவிட்டு, சரியானதை எழுதிக் கையெழுத்திடு. அடித்தது படிக்கும்படியே இருக்கவேண்டும்” என்றார்.

2011ஆம் ஆண்டில், போலிச் சான்றுகளைக் கொண்டு உரிமம் பெற்ற விமானிகள் சிலர் நம் நாட்டில் பிடிபட்டார்கள். அச்செய்தியைப் படித்தபோது நான் அவர்களை இகழவில்லை. அந்தக் கோட்டை நினைத்துக்கொண்டேன்.

ரைட் சகோதரர்களை நினைத்துப் பாருங்கள். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் அவர்கள் முதன்முதலாகப் பறந்தது 12 வினாடிகள். கடந்த தூரம் 120 அடி. அன்றைய நான்காவது பறப்பிலும் 59 வினாடிகளே கிடைத்தன. ஆர்வில் தம் நாட்குறிப்பில் அன்றைய பறப்புகளைக் குறித்து வைத்தார். பன்னிரண்டு வினாடியை அவர் ஒரு நிமிடமாக்கவில்லை. உண்மையான சிறு எண்ணுக்கு உள்ள பெருமை பொய்யான பெரிய எண்ணுக்கு இல்லை.

உங்களில் எல்லோரும் விமானி ஆகப்போவதில்லை. ஆயினும் ஆய்வுக்கூடத்தில் ஒரு குறிப்பேடு உங்கள் முன் விரிந்திருக்கிறது. வரவேண்டிய விடை வராதபோது, வந்த விடையை எழுதுங்கள். பிழைத்தால் ஒரு கோடு போதும்.

இன்று நான் இளைஞர்களுக்குப் பாடம் சொல்லும்போது, என் பழைய குறிப்பேட்டில் முதலில் காட்டுவது அந்த அடித்தெழுதிய பக்கத்தைத்தான்.