பத்து வாரப் பூட்டு

(தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



வெளிநாட்டுக்குப் போய்ப் படிப்பது பணமுள்ள வீட்டுப் பிள்ளைகளின் காரியம், அதை மில் தொழிலாளியிடமும் விவசாயத் தொழிலாளியிடமும் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். பேசத்தான் வேண்டும். பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் வட்டிக்குக் கடன் வாங்குகிறவன் யார்? நாம்தான். அந்தக் கடன் இல்லாமல் வைத்தியம் நடக்குமா என்று நேரில் பார்க்கப் போனவர்களின் கதை இது.

1997-ல் அமெரிக்காவில் மெடிக் என்ற அமைப்பு தோன்றியது. மருத்துவ மாணவர்களைச் சில வாரங்களுக்குக் கியூபாவுக்கு அழைத்துப் போய், அங்கே ஜனங்களின் சுகாதாரம் எப்படிக் கவனிக்கப்படுகிறது என்று காட்டியது. 2004-க்குள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போய் வந்தார்கள்.

என்ன கண்டார்கள்? பளிங்கு மாளிகையை அல்ல. தெருவிலே ஒரு சின்னக் கட்டிடம். கீழே வைத்தியசாலை, மாடியில் டாக்டர் குடியிருப்பு. 1984-ல் ஆரம்பித்த குடும்ப டாக்டர் திட்டம் அது. சுமார் 120 குடும்பங்களுக்கு ஒரு டாக்டர், ஒரு நர்ஸ் என்பது ஆரம்பக் கணக்கு. காலையில் ஜனங்கள் டாக்டரிடம் வருவார்கள். பிற்பகலில் டாக்டர் வீடு வீடாகப் போவார். ஒவ்வொருவரையும் நான்கு வகையில் ஒன்றாகக் குறித்து வைப்பார்: சுகமாயிருப்பவர், புகை பிடிப்பது போன்ற ஆபத்து உள்ளவர், நோயாளி, ஊனமுற்றவர். சுகமாயிருப்பவரையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கவேண்டும் என்பது விதி. காசுக்கு வைத்தியம் விற்கும் இடத்தில் இது நடக்குமா? சுகமாயிருக்கிறவனால் அங்கே யாருக்கு லாபம்?

இத்தனைக்கும் அந்த நாட்டில் டாக்டர்கள் நிரம்பிக் கிடந்தார்களா என்றால், இல்லை. 1959 புரட்சி சமயத்தில் இருந்தவர்கள் சுமார் 6,000 பேர். அதில் ஏறக்குறையப் பாதிப்பேர் சில வருஷங்களில் கப்பலும் விமானமும் ஏறிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களை வைத்துத்தான் புது டாக்டர்களைத் தயார் செய்தார்கள்.

2004-ல் புஷ் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. கியூபாவுக்குப் படிக்கப் போவதானால் பத்து வாரத்துக்குக் குறையாமல் போகவேண்டுமாம்! கேட்பதற்கு நல்ல யோசனைபோல இருக்கும், இன்னும் நன்றாகப் படிக்கட்டுமே என்று. ஆனால் மருத்துவ மாணவனுக்குச் சேர்ந்தாற்போலப் பத்து வாரம் ஏது? போகாதே என்று சொல்லவில்லை, போகமுடியாதபடி செய்தார்கள். மில் முதலாளி லீவு கொடுக்கும் தந்திரம் உங்களுக்குத் தெரியாததா? அந்தப் பூட்டு 2011-ல்தான் தளர்ந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இரண்டு வாரம் போகிறவன், காட்டியதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடும். டாக்டர் வீடு தேடி வருகிறார், சரி. எழுதிக் கொடுத்த மருந்து கிடைக்கிறதா? இன்று கியூபாவில் மருந்துப் பஞ்சம் கடுமை. டாக்டர்கள் பலர் வெளியேறியிருக்கிறார்கள். 2018-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் முதல் வயதுக்குள் இறந்தவை 4. 2021-ல் அது 7-க்கு மேல் ஏறிவிட்டது. அமெரிக்கத் தடை, கொரோனா, நாட்டுக்குள்ளே பொருளாதாரச் சீர்குலைவு, எல்லாம் சேர்ந்து அடித்த அடி. படிக்கப் போகிறவன் டாக்டரின் பதிவேட்டையும் பார்க்கவேண்டும், காலியான மருந்து அலமாரியையும் திறந்து பார்க்கவேண்டும். வரிசையில் நிற்கிற பாட்டியிடம் இரண்டு வார்த்தை பேசினால் இன்னும் நல்லது.

சில வாரம் போதாது, முழுப் படிப்பும் அங்கேயே என்று போன அமெரிக்கப் பிள்ளைகளும் உண்டு. 1999-ல் ஹவானாவில் திறந்த லத்தீன் அமெரிக்க மருத்துவக் கல்லூரியில் அவர்களுக்குச் சம்பளமில்லாத படிப்பு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், கறுப்பர் வீட்டுப் பிள்ளைகள் பலர். 2004 உத்தரவு அவர்களையும் ஊருக்குத் திருப்பப் பார்த்தது. காங்கிரஸிலிருந்த கறுப்பின உறுப்பினர்கள் விடாமல் வாதாடி விலக்கு வாங்கினார்கள். மறு வருஷமே அங்கே படித்த முதல் அமெரிக்கர் டாக்டர் பட்டத்தோடு நாடு திரும்பினார்.