லேசான கியர், நீண்ட ஏற்றம்



பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் எல்லையாக நிற்கிறது பைரனீஸ் மலைத்தொடர். அதில் தூர்மலே என்று ஒரு கணவாய். உயரம் 2,115 மீட்டர். கிழக்கிலிருந்து ஏறினால் 17 கிலோமீட்டர், மேற்கிலிருந்து ஏறினால் 19 கிலோமீட்டர். எந்தப் பக்கம் போனாலும் சாலை சராசரியாக நூறு மீட்டருக்கு ஏழு மீட்டருக்கும் மேலாக உயர்ந்துகொண்டே போகும். நடுவில் மூச்சு வாங்கச் சமதளம் என்று எதுவும் பெரிதாகக் கிடைக்காது.

கோடையில் பனி உருகிச் சாலை திறந்ததும் நாள்தோறும் இந்தக் கணவாயைச் சைக்கிளில் கடப்பவர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் பந்தய வீரர்கள் அல்ல. ஓய்வு பெற்ற ஆசிரியர் இருப்பார், அலுவலக விடுப்பில் வந்தவர் இருப்பார், மகளோடு வந்த தாய் இருப்பார். பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தால் இரண்டு மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடலாம். இது எப்படிச் சாத்தியமானது? மனிதக் கால்கள் நூறு ஆண்டுகளில் வலுவடைந்துவிடவில்லை. பின்சக்கரத்தில் இருக்கும் ஒரு பெரிய பல்சக்கரம் இதைச் சாத்தியமாக்கியது. ஓடும்போதே அந்தப் பல்சக்கரத்துக்கு மாறும் வசதியை உலகின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயம் தன் வீரர்களுக்குப் பல ஆண்டுகளாகத் தடை செய்து வைத்திருந்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

'லோத்தோ' என்ற பிரெஞ்சு விளையாட்டு நாளிதழ் 1903-இல் 'டூர் து பிரான்ஸ்' பந்தயத்தைத் தொடங்கியது. அதன் ஆசிரியர் ஆன்றி தெக்ரான்ஜ். பத்திரிகை விற்க வேண்டும் என்றால் பந்தயம் ஆண்டுக்கு ஆண்டு கடினமாக வேண்டும். 1910-இல் அவருடைய சக ஊழியர் அல்ஃபோன்ஸ் ஸ்தைனஸ், பந்தயத்தைப் பைரனீஸ் மலைக்குள் கொண்டுபோகலாம் என்றார். தெக்ரான்ஜ் தயங்கினார். சரி, போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார்.

ஸ்தைனஸ் ஒரு காரை அமர்த்திக்கொண்டு தூர்மலே ஏறினார். உச்சிக்குச் சில கிலோமீட்டர் முன்பே கார் பனியில் சிக்கிக்கொண்டது. ஓட்டுநர் அதற்கு மேல் வர மறுத்துவிட்டார். பொழுது சாய்ந்துவிட்டது. ஸ்தைனஸ் தனியாக இறங்கிப் பனிக்குள் நடந்தார். வழி தவறினார், சரிந்து விழுந்தார். அவரைத் தேடி ஆட்கள் கிளம்ப வேண்டியதாயிற்று. நள்ளிரவு தாண்டி, விறைத்துப்போய் மறுபக்கத்து பாரேஜ் ஊரை வந்தடைந்தார். மறுநாள் காலை பாரிசுக்குத் தந்தி கொடுத்தார். தூர்மலேயைக் கடந்துவிட்டேன், சாலை மிக நன்றாக இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்பதே செய்தி.

அது பொய்தான். ஆனால் ஜூலையில் பனி இருக்காது என்ற கணக்கு அவர் மனத்தில் இருந்திருக்கும். பனி இல்லாமல் போனது உண்மை. நல்ல சாலையும் இல்லை என்பதுதான் சிக்கல். கல்லும் மண்ணுமாக, மாடு ஓட்டும் தடமாகவே பல இடங்கள் இருந்தன.

1910 ஜூலை 21. லூஷோன் என்ற ஊரிலிருந்து விடிவதற்கு முன்பே வீரர்கள் கிளம்பினார்கள். கடலோரத்து பயோன் வரை 326 கிலோமீட்டர். வழியில் பெய்ரசூர்த், அஸ்பேன், தூர்மலே, ஓபிஸ்க் என்று பெரிய கணவாய்கள். தூர்மலே உச்சியை முதலில் தொட்டவர் ஒக்தாவ் லபீஸ். அவர் பல இடங்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துதான் மேலே வந்தார். இறங்காமல் மிதித்தே ஏறியவர் குஸ்தாவ் காரிகூ. அதற்காக அவருக்கு நூறு ஃபிராங்க் பரிசு கிடைத்தது. அடுத்து ஓபிஸ்க் ஏற்றத்தில், ஓரமாக நின்ற பந்தய அதிகாரிகளைப் பார்த்து லபீஸ், நீங்களெல்லாம் கொலைகாரர்கள் என்று கத்தினார். அன்றைய ஓட்டத்தை முடிக்க அவருக்கு 14 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்றும் அவரே வென்றார், அந்த ஆண்டுப் பந்தயத்தையும் அவரே வென்றார். ஏழு ஆண்டுகள் கழித்து, முதல் உலகப் போரில் போர் விமானியாக வானில் சண்டையிட்டு இறந்துபோனார்.

லபீஸ் போன்ற ஒரு வீரர் ஏன் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது? அதற்குக் கொஞ்சம் கணக்குப் போடலாம். ஆளும் சைக்கிளும் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போக, புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் ஏறக்குறைய 160 வாட் திறன் வேண்டும். சமதளத்தில் சைக்கிளுக்கு எதிரி காற்று. அங்கே இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போகலாம். மலையில் எதிரி நம்முடைய எடை. அதிலிருந்து ஒளிந்துகொள்ள இடமில்லை.

இந்த 160 வாட்டை எந்த வகையில் செலவழிக்கிறோம் என்பதைத்தான் கியர் தீர்மானிக்கிறது. நெல் மூட்டையை மாடிக்கு ஏற்ற வேண்டும் என்றால், மூட்டையோடு தோளில் தூக்கலாம்; மரக்கால் மரக்காலாக அளந்தும் கொண்டுபோகலாம். ஏறுவது அதே நெல். முதுகுக்குத்தான் வித்தியாசம் தெரியும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 80 முறை சுற்றுகிறது. பெடலோடு சேர்ந்த முன் பல்சக்கரத்திலும் பின் பல்சக்கரத்திலும் சமமான பற்கள் இருந்தால், பெடலையும் நிமிடத்துக்கு 80 முறை லேசாகச் சுற்றினால் போதும். முன்னால் பற்கள் இரு மடங்கு என்றால் 40 முறை சுற்ற வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மடங்கு அழுத்த வேண்டும். அதை ஒரு மணி நேரத்துக்கு மேல் செய்தால் முழங்கால் தாங்காது. வேகம் இன்னும் குறைந்தால் பெடல் நகரவே நகராது. அப்போது இறங்கித் தள்ளுவதைத் தவிர வழியில்லை.

அந்தக் காலத்துப் பந்தய சைக்கிள்களில் பின்சக்கரத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு பல்சக்கரம் இருக்கும். ஏற்றம் தொடங்கும் இடத்தில் வீரர் இறங்கி, நட்டைக் கழற்றி, சக்கரத்தைத் திருப்பி மாட்டி, செயினை இழுத்துப் பொருத்தி, மறுபடி ஏற வேண்டும். உச்சிக்கு வந்ததும் இதே வேலை திரும்பவும். இத்தாலியில் துல்லியோ கம்பஞோலோ என்ற வீரர் குரோசே தாவுனே என்ற கணவாயில் பனியில் விரல் மரத்துப்போய் அந்த நட்டைக் கழற்ற முடியாமல் தவித்தார், அந்தத் தவிப்பில்தான் நட்டுக்குப் பதிலாக நெம்புகோல் வைக்கும் யோசனை அவருக்கு வந்தது என்று சொல்வார்கள். அவர் 1933-இல் தொடங்கிய நிறுவனம் இன்றும் சைக்கிள் கியர்கள் செய்கிறது.

ஓடும்போதே கியர் மாற்றும் கருவிகள் அப்போது இல்லாமல் இல்லை. பிரெஞ்சுச் சுற்றுலாச் சங்கமான துரிங் கிளப் 1902-லேயே தூர்மலேயில் பல கியர் சைக்கிள்களைச் சோதிக்கப் போட்டி நடத்திவிட்டது. ஸ்தைனஸ் பனியில் தடுமாறியதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே இது நடந்தது! ஆனால் தெக்ரான்ஜ் ஒப்புக்கொள்ளவில்லை. கியர் என்பது 45 வயது கடந்தவர்களுக்கு, வீரன் தன் தசையால் வெல்ல வேண்டும், கருவியால் அல்ல என்று அவர் எழுதினார்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நின்றவர் பால் து விவீ. 1853-இல் பிறந்தவர், சான்தெத்தியேன் நகரத்துக்காரர். 'வெலொசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். 'லெ சிக்லிஸ்த்' என்ற பத்திரிகை நடத்தினார். ஊருக்கு வெளியே 1,161 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரிபப்ளிக் கணவாய்தான் அவருடைய சோதனைக்கூடம். புதிது புதிதாகக் கியர் அமைப்புகளைப் பொருத்திக்கொண்டு அதில் ஏறிப் பார்ப்பார். சைவ உணவுக்காரர். பசிக்கும் முன்பே சாப்பிட்டுவிட வேண்டும், தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடித்துவிட வேண்டும், வீம்புக்காக ஒருபோதும் மிதிக்கக் கூடாது என்பதெல்லாம் அவர் தம் வாசகர்களுக்குச் சொன்ன அறிவுரைகள். மலையில் சைக்கிள் ஓட்டும் எவரும் இன்றைக்கும் பின்பற்ற வேண்டியவை. 1930-இல் தம் ஊரில் டிராம் மோதி இறந்தார். அவர் நினைவாக இன்றும் ஆண்டுதோறும் அந்தக் கணவாயில் சைக்கிள்காரர்கள் கூடி ஏறுகிறார்கள்.

இருவரில் வெலொசியோ சொன்னதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. தெக்ரான்ஜ் மலையை நேசிக்காதவர் அல்ல. 1911-இல் ஆல்ப்ஸ் மலையின் கலிபியே கணவாயைப் பந்தயத்துக்குள் கொண்டுவந்தவரே அவர்தான். வேறு எந்த ஏற்றமும் அதற்கு ஈடாகாது என்று உருகி எழுதினார். அவருடைய நினைவுச் சின்னமும் அங்கேதான் நிற்கிறது. ஆனால் அவர் மலையை மனிதனைச் சோதிக்கும் கருவியாகப் பார்த்தார். வெலொசியோ, மனிதன் போய்ச் சேர வேண்டிய இடமாகப் பார்த்தார். தெக்ரான்ஜின் விதிகள் எவ்வளவு கடுமையானவை என்பதற்கு 1913 ஓர் உதாரணம். தூர்மலே இறக்கத்தில் எழேன் கிறிஸ்தோஃப் என்ற வீரரின் முன் ஃபோர்க் உடைந்தது. சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் நடந்து, அடிவாரத்துக் கொல்லன் உலையில் தானே இரும்பைக் காய்ச்சிப் பற்றவைத்தார். பிறர் உதவி கூடாது என்பது விதி. ஒரு சிறுவன் துருத்தி ஊதிக் கொடுத்தான் என்பதற்காக அவருக்குத் தண்டனை நேரம் போட்டார்கள்.

கடைசியில் 1937-இல், தெக்ரான்ஜ் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, வீரர்கள் எல்லோரும் கியர் மாற்றும் கருவியைப் பயன்படுத்த அனுமதி வந்தது. அந்த ஆண்டு வென்றவர் ரோஜே லபேபி. பந்தயம் அதனால் சப்பென்று ஆகிவிடவில்லை. மலையேற்றத்தின் பெரும் காவியங்கள் பல அதற்குப் பிறகுதான் நடந்தன. 1953-இல் இத்தாலியின் சைக்கிள் பந்தயத்தில், ஸ்டெல்வியோ கணவாயில் ஃபவுஸ்தோ கொப்பி தன் போட்டியாளர் கோப்ளெட்டைத் தனியே விட்டுப் பிரிந்து மேலே போனது அவற்றில் ஒன்று.

ஸ்டெல்வியோ பற்றி ஒரு வார்த்தை. உயரம் 2,757 மீட்டர். பிராத்தோ பக்கமிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள், எண் போட்ட கற்களோடு. 1820 முதல் 1825 வரை ஆஸ்திரியப் பேரரசுக்காகப் பொறியாளர் கார்லோ தொனேகானி அமைத்த சாலை. குதிரை வண்டிகள் ஏற வேண்டும் என்பதால் சரிவை அடக்கி, மலைமுகத்தில் சாலையை மடித்து மடித்து ஏற்றியிருக்கிறார். ஆல்ப்ஸ் கணவாய்கள் பல இன்று சைக்கிளுக்கு ஏற்றவையாக இருப்பதற்கு இந்த வண்டிக்காலக் கணக்கே காரணம். ஸ்டெல்வியோவின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. கீழே எளிதாக இருந்த வேகம் மேலே மூச்சை முட்ட வைக்கும். கியரை இன்னும் ஒரு படி லேசாக்கிக்கொள்வதே மருந்து.

ஏற்றத்தைவிட ஆபத்தானது இறக்கம். ஏறும்போது உடல் வியர்வையில் நனைந்திருக்கும். இறங்கும்போது மிதிக்க வேலை இல்லை, குளிர்காற்று நேரே நெஞ்சில் அறையும். 1988 ஜூன் 5 அன்று இத்தாலியின் 2,621 மீட்டர் உயர காவியா கணவாயில் அந்நாட்டுப் பந்தயத்தின் நடுவில் கடும் பனி கொட்டியது. இறக்கத்தில் விரல் மரத்து, பிரேக் பிடிக்க முடியாமல் பலர் நின்றுவிட்டார்கள். அமெரிக்க வீரர் ஆன்டி ஹாம்ப்ஸ்டனின் அணி, வானிலையைக் கேள்விப்பட்டு முன்கூட்டியே கடையில் கனத்த கையுறைகளும் கம்பளி உடைகளும் வாங்கி வைத்திருந்தது. பல நாள் நடந்த அந்தப் பந்தயத்தை முடிவில் அவர்தான் வென்றார். 1995-இல் பைரனீஸ் இறக்கம் ஒன்றில் விழுந்து ஃபாபியோ கசார்தெல்லி என்ற இளம் வீரர் உயிரிழந்தார். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. பந்தயங்களில் தலைக்கவசம் கட்டாயமானது 2003-இல்தான். ஆகவே மேலே போவதற்குக் கியர் எவ்வளவு முக்கியமோ, கீழே வருவதற்குக் கையுறை, காற்றுத் தடுக்கும் சட்டை, தலைக்கவசம், நல்ல பிரேக் கட்டை எல்லாம் அவ்வளவு முக்கியம்.

2023 ஜூலையில் பெண்களுக்கான டூர் து பிரான்ஸ் தூர்மலே உச்சியில் ஓர் ஓட்டத்தை முடித்தது. நெதர்லாந்தின் டெமி வோலரிங் மூடுபனிக்குள் தனியாக முதலில் வந்தார். 1910-இல் ஆண் வீரர்களே தள்ளிக்கொண்டு நடந்த அதே மலை. அவர் சைக்கிளிலும் லேசான கியர் இருந்தது. யாரும் அதைக் குறை சொல்லவில்லை.

நேயர்களே, நம் ஊரிலும் கொல்லிமலையின் 70 வளைவுகளில், நீலகிரிச் சாலைகளில் சைக்கிளில் ஏறுபவர்களை இப்போது நிறையப் பார்க்கிறோம். நீங்களும் கிளம்புவதாக இருந்தால், கடைக்காரரிடம் சைக்கிளின் எடையைக் கேட்பதற்கு முன்னால் பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று கேளுங்கள். முன்னால் இருக்கும் சிறிய பல்சக்கரத்துக்குச் சமமாகவாவது அது இருக்கட்டும். சாப்பாடும் தண்ணீரும் குளிருக்கு ஒரு சட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மலைச்சாலையில் கார், பேருந்து ஓட்டும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும் சைக்கிளைக் கண்டால் வளைவில் முந்தாதீர்கள். நேரான இடம் வரும்வரை பொறுத்து, இடம் விட்டுக் கடந்து போங்கள்.