‘கன்னி இனப்பெருக்கம்’: ஒரு கலைச்சொல்லும் இரண்டு கழுகுகளும்



விந்து சேராமல் முட்டை தானே கருவாக வளர்வதைப் பாடநூல்கள் ‘கன்னி இனப்பெருக்கம்’ என்கின்றன. அச்சொல் இன்றும் அப்பொருளுக்குப் பொருந்துமா என்பதே என் வினா.

தொடக்கத்தில் பொருந்தியது. ஜெனீவாவைச் சேர்ந்த சார்லஸ் பொன்னே, 1740இல், பிறந்த உடனே ஓர் அசுவினிப் பூச்சியைத் தனியே அடைத்து வளர்த்தார். ஆணையே காணாத அப்பூச்சி குஞ்சுகளை ஈன்றது. 1849இல் ஆங்கிலேய அறிஞர் ரிச்சர்டு ஓவன், கன்னியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அமைந்த ‘பார்த்தினோஜெனிசிஸ்’ என்னும் பெயரை வழங்கினார். நம் சொல் அதன் நேர் பெயர்ப்பு.

அசுவினிக்கு இது வாழ்க்கை முறை. துணையுடன் கூடியே பெருகும் விலங்குகளிடம் இது நிகழும்போதுதான் சொல் தடுமாறுகிறது. 2006இல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குப் பூங்காவில், ஆணுடன் சேர்ந்தே இராத ஃபுளோரா என்னும் கொமோடோ உடும்பின் முட்டைகளில் கரு வளர்ந்தது. அதனைக் கன்னி எனலாம். அதே ஆண்டில் இலண்டன் பூங்காவில் இன்னொரு கொமோடோ உடும்பு, ஆணைப் பிரிந்து இரண்டரை ஆண்டுகள் கழித்து இட்ட முட்டைகளிலிருந்தும் குஞ்சுகள் வெளிவந்தன. பின்னர் அது வேறோர் ஆணுடன் கூடியும் குஞ்சு பெற்றது. அதன் பெயர் சுங்கை. இந்த அவைக்கு அச்சொல்லின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் விந்தின் இடத்தை நிரப்புவது எது? முட்டை உருவாகும் பிரிவின்போது துருவச் செல்கள் எனும் சிறு செல்கள் ஒதுக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று முட்டையுடன் மீண்டும் இணைகிறது என்பதே இவ்வகை விலங்குகளுக்குப் பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். ஆதலால் குஞ்சு தாயின் அச்சுப்படி அன்று. தாயின் மரபணுச் செல்வத்தில் ஒரு பகுதியே அதனிடம் இரட்டித்து நிற்கிறது. கொமோடோப் பெண்ணுக்கு இசட், டபிள்யூ என இருவகைப் பாலினக் குரோமோசோம்கள் உண்டு. இசட் இரட்டித்தால் ஆண். டபிள்யூ இரட்டித்தால் கரு பிழைக்காது. ஃபுளோராவின் குஞ்சுகள் அனைத்தும் ஆணாகப் பிறந்தது இதனால்தான்.

இனி, சொல்லை முற்றாக உடைத்த சான்றுக்கு வருகிறேன். கலிபோர்னியக் காண்டோர் ஒரு பிணந்தின்னிக் கழுகு. 1982இல் உலகில் எஞ்சியவை 22 மட்டுமே. ஆகவே சான் டியாகோ பூங்காவின் அறிஞர்கள் ஒவ்வொரு பறவையின் மரபணுவையும் குடும்பப் பதிவேடுபோல் பேணி வந்தனர். அதில் இரண்டு ஆண் பறவைகளுக்குத் தந்தை என எந்த ஆணும் பொருந்தவில்லை. 2021இல் இம்முடிவு வெளியானது. அவற்றின் தாயர் இருவரும் தனித்திருந்தவர் அல்லர். துணையுடன் ஒரே கூண்டில் வாழ்ந்து, ஒருத்தி 11, மற்றொருத்தி 23 குஞ்சுகளை இயல்பாகவே பெற்றவர்கள். இவர்களைக் கன்னி என்று எந்த நாவால் சொல்வது? துணையின்மையே காரணம் என்ற எளிய விளக்கமும் இங்கே நிற்கவில்லை.

அவ்விரு பறவைகளும் நீடு வாழவில்லை. ஒன்று இரண்டு வயதும், மற்றொன்று எட்டு வயதும் நிறையும் முன் இறந்தன. காண்டோர் 50 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. தாயிடம் மறைந்திருக்கும் குறை இரட்டிக்கும்போது வெளிப்பட்டுவிடும். அருகிவரும் இனத்தை இவ்வழியால் மீட்டுவிடலாம் என்று செய்தித்தாள்கள் மகிழ்ந்ததில் எனக்கு உடன்பாடில்லை.

மாற்றுச் சொல் என்ன? ‘பாலிலா இனப்பெருக்கம்’ என்றால் ஹைட்ரா மொட்டுவிடுவதும் அதில் அடங்கிவிடும். ‘துணையிலாப் பேறு’ என்றால் காண்டோர் மறுக்கும். முட்டை தனித்து நின்று செய்வதால் ‘தனிமுட்டைப் பேறு’ எனலாம் என்பது என் முன்மொழிவு. வகுப்பறையில் இதனைச் சொல்லிப் பாருங்கள், ஆசிரியர்களே. மாணவர்களுக்கு இதனினும் தெளிவான சொல் தோன்றினால், வினா நேரத்தில் எழுந்து கூறுமாறு வேண்டுகிறேன்.