திரும்புகிற வீட்டுக்குக் காசும் திரும்பட்டும்

(இடம்பெயர்ந்து மீளத் திரும்பும் குடும்பங்களுக்காக றொசல்லையில் நடைபெற்ற தகவல் கூட்டத்தில், எமது நிறுவனத்தின் தொடர்பாடல் உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது. அதன் பிறகு பாடசாலையிலும் கோயில் மண்டபத்திலும் சொந்தக்காரர் காம்பராவிலும் தங்கியிருந்துவிட்டு இப்போது திரும்புகிறீர்கள். மண்சரிவு எச்சரிக்கை, குடிநீர், தொலைந்த அடையாள அட்டை ஆகியவற்றைப் பற்றி இந்தக் கையேட்டின் வேறு பக்கங்களில் இருக்கிறது. என்னிடம் பேசச் சொன்ன விஷயம் மது. இதைச் சொன்னதும் சில ஐயாமார் வாசல் பக்கம் பார்க்கிறீர்கள். கொஞ்சம் இருங்கள். யாரையும் ஏச நான் வரவில்லை. நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். சம்பளத் திகதி மாலையில் இஸ்தோப்பில் காத்து உட்கார்ந்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்.

இதை ஏன் இப்போது பேச வேண்டும்? மூன்று விஷயங்கள் ஒன்றாக வந்து சேர்கிற நேரம் இது. முதலாவது துக்கம். ஆளை இழந்தவர் இருக்கிறீர்கள், வீட்டை இழந்தவர் இருக்கிறீர்கள். மழை பெய்தால் இன்னும் தூக்கம் வராதவர்களும் இருக்கிறீர்கள். இரண்டாவது, நிவாரணக் கொடுப்பனவு. ஒரே தடவையில் இவ்வளவு காசு கைக்கு வருவது நமக்குப் பழக்கமில்லை. மூன்றாவது, வேலை இன்னும் சரியாகத் தொடங்கவில்லை, பொழுது போகவில்லை. இந்த மூன்றும் சேர்கிற இடத்துக்குப் போத்தல் தானாக வந்து சேரும்.

தூக்கத்துக்காகக் குடிக்கிறேன் என்று சிலர் சொல்வீர்கள். குடித்தால் கண் சொருகும், உண்மைதான். ஆனால் நடுச்சாமத்தில் விழிப்பு வந்துவிடும், ஆழ்ந்த தூக்கம் இருக்காது. அடுத்த நாள் மனப்பாரம் கூடும். அதை இறக்க மறுபடி குடிக்கத் தோன்றும். பயமும் துக்கமும் வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் அதற்கு மருத்துவ உதவி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். 2024இல் நிர்ணயித்த நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. மாதம் 25 பேர் விழுந்தால் 33,750 ரூபா. அதிலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 போகும். மற்றக் கழிவுகளும் உண்டு. ஒருவர் ஒரு நாளைக்கு 500 ரூபாவுக்குக் குடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 15,000. கிட்டத்தட்டச் சம்பளத்தின் பாதி. உங்கள் வீட்டுக் கணக்கு இதைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம். இன்றைக்கு இரவு குடும்பமாக உட்கார்ந்து ஒரு கொப்பித் தாளில் எழுதிப் பாருங்கள். சண்டை வேண்டாம், எழுதினால் போதும்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். குடி ஒரு ஆளின் மனக்கட்டுப்பாட்டு விஷயம், அவராகத் திருந்தினால்தான் உண்டு என்றுதான் நாம் பேசிப் பழகியிருக்கிறோம். அப்படிப் பேசுகிறபோது விற்கிறவர், விலை, விளம்பரம், சட்டம் எல்லாம் பேச்சிலிருந்து விலகிவிடுகின்றன. இந்த மலையில் சாராயக் கடை தானாக முளைக்கவில்லை. கோப்பித் தோட்டக் காலத்திலேயே வெள்ளைக்கார அரசாங்கம் சாராயம் விற்கும் உரிமையை ஏலத்தில் விட்டு வருமானம் எடுத்தது. அதை எதிர்த்து 1904இலும் 1912இலும் இலங்கையில் மதுவொழிப்பு இயக்கம் பெரிதாக எழுந்தது. ஆகவே இது அன்றைக்கே ஊர் விஷயமாகவும் அரசாங்க விஷயமாகவும் இருந்திருக்கிறது.

உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் சொல்கிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 26 இலட்சம் பேர் மதுவால் இறந்திருக்கிறார்கள் என்பது அதன் கணக்கு. தீங்கைக் குறைக்க அந்த நிறுவனம் 2018இல் ஐந்து வழிகளை முன்வைத்தது. மது எளிதில் கிடைப்பதைக் கட்டுப்படுத்துவது, குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதைத் தடுப்பது, குடிப்பழக்கம் உள்ளவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது, விளம்பரத்தைத் தடை செய்வது, வரி போட்டு விலையைக் கூட்டுவது. ஐந்தும் ஊரும் அரசும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலைகள்.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை அமைக்கப்பட்டது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பது குற்றம். மது விளம்பரமும் விளையாட்டுப் போட்டிக்கு மதுக் கம்பனி அனுசரணை கொடுப்பதும் தடை. அப்பாவுக்கு வாங்கி வா என்று 15 வயதுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால், கொடுக்கிற கடைக்காரர் சட்டத்தை மீறுகிறார். அனுப்புகிற நாமும் பிள்ளைக்கு வழி காட்டிக் கொடுக்கிறோம்.

விலையைப் பற்றி ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சாராய விலை கூடினால் குடி குறையும், முக்கியமாக இளம் பிள்ளைகள் தொடங்குவது குறையும். ஆனால் பக்கத்திலேயே கசிப்புக் கிடைத்தால் சிலர் அதற்கு மாறுவார்கள். ஆகவே விலையும் கசிப்புத் தடுப்பும் ஒன்றாக நடக்க வேண்டும். கசிப்பில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. 2024 ஜூனில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் மெத்தனோல் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்கிற, நம்மைப் போன்ற குடும்பங்கள். குடித்தவருக்குப் பார்வை மங்கினாலோ, வாந்தியும் வயிற்று வலியும் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வெறி தெளியட்டும் என்று படுக்க வைக்காதீர்கள். உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

ஊர் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்தில் துபகுண்டா என்று ஒரு கிராமம். 1992ஆம் ஆண்டு வாக்கில் அங்கே எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள், படித்த பாடத்தைப் பற்றிப் பேசப் போய்த் தங்கள் ஊர்ச் சாராயக் கடையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். சேர்ந்து போய்க் கடையை மூட வைத்தார்கள். அது மாவட்டம் முழுவதும் பரவி, 1993இல் மாநிலம் முழுவதும் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995இல் எல்லா மதுவுக்கும் தடை போட்டார்கள். ஆனால் அது நிலைக்கவில்லை, 1997இல் தளர்த்திவிட்டார்கள். இதிலிருந்து நாம் எடுக்க வேண்டியது இரண்டு. சாதாரணப் பெண்கள் கூடினால் அரசாங்கமே அசையும். ஒரு தடைச் சட்டத்தோடு வேலை முடிந்துவிடாது, தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, தோட்டத்துக்குத் திரும்பிய முதல் மாதத்தில் என்ன செய்யலாம்?

நிவாரணக் காசு வந்த அன்றே அரிசி, கூரைத் தகரம், பிள்ளைகளின் பாடசாலைச் சாமான் ஆகியவற்றுக்கு வேண்டியதைப் பிரித்து வையுங்கள். முடிந்தால் கணவன் மனைவி இருவர் பேரிலும் வங்கிக் கணக்குத் திறந்து அதில் போடுங்கள். கையில் இருக்கிற காசுக்குத்தான் ஆபத்து.

மாதர் சங்கம், தோட்டத் தலைவர்மார், கோயில் கமிட்டி, இளைஞர் கழகம் எல்லாம் ஒரு நாள் கூடுங்கள். லயத்துக்குள் சில்லறையாக மது விற்க வேண்டாம், கடனுக்குக் கொடுக்க வேண்டாம் என்று பொதுவாக முடிவெடுங்கள். தனியாக ஒரு அம்மா போய்ச் சொன்னால் பகை வரும். ஐம்பது பேர் சேர்ந்து சொன்னால் அது ஊர்க் கட்டுப்பாடு.

புதிய மதுக்கடை வரப்போகிறது என்று தெரிந்தால் எல்லாரும் கையெழுத்திட்டுப் பிரதேச செயலாளருக்கும் மதுவரித் திணைக்களத்துக்கும் எழுத்து மூலம் ஆட்சேபனை தெரிவியுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கசிப்பு விற்பனையைப் பற்றியும் இப்படியே சங்கத்தின் பேரில் அறிவியுங்கள். எந்த ஒருவரும் தன் பேரை மட்டும் போட்டு ஆபத்தில் மாட்ட வேண்டாம்.

மாலைப் பொழுதுக்கு ஏதாவது வேண்டும். ஒரு கரப்பந்து வலை, பஜனை, பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு. சின்ன விஷயம் மாதிரித் தெரியும். பொழுது போக வேறு இடமில்லாத தோட்டத்தில் இது சின்ன விஷயமில்லை.

அடுத்தது எல்லாரும் கவனமாகக் கேளுங்கள். பல வருடமாக நாள் தவறாமல் அதிகம் குடிக்கிறவர் ஒருவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லிக் காம்பராவில் பூட்டி வைக்காதீர்கள். கடைசியாகக் குடித்த சில மணித்தியாலங்களிலேயே கை நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கலாம். வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், ஆளை அடையாளம் தெரியாமல் போகலாம். பேய் பிடித்தது என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப் போய் நேரத்தைக் கழித்தால் உயிருக்கே ஆபத்து. நிறுத்த நினைக்கிறவர் முதலில் தோட்ட வைத்திய அதிகாரியிடமோ அரச வைத்தியசாலையிலோ சொல்லுங்கள். திக்கோயாவுக்கோ நாவலப்பிட்டிக்கோ போகலாம். மருந்து கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த வைப்பார்கள். கட்டணம் இல்லை. வெட்கப்பட ஒன்றும் இல்லை, இதுவும் ஒரு நோய்தான்.

கடைசியாக அம்மாமாருக்கும் தங்கச்சிமாருக்கும். வெறியில் அடித்துவிட்டார், நிதானத்தில் நல்லவர் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். குடித்திருந்தார் என்பது அடிக்கிறதற்கு அனுமதி ஆகாது.

இந்த இலக்கங்களைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். அம்புலன்ஸ் 1990. பொலிஸ் 119. பெண்களுக்கான உதவி 1938. சிறுவர்களுக்கு 1929. மனப்பாரத்துக்கும் தூக்கமின்மைக்கும் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

மலை சரிந்த அன்று யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் ஒருவரை ஒருவர் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். அன்றைக்கு இருந்த அந்த ஒற்றுமை இதற்கும் போதும். கூட்டம் முடிந்ததும் நான் இங்கேதான் இருப்பேன். எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருந்தால், தேத்தண்ணி குடிக்கும்போது தனியாக வந்து பேசுங்கள்.