கடன் பத்திரமும் கேமராவும்

(செங்கல்பட்டில் ப்ளஸ் டூ முடித்த மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, விஸ்காம் படிக்கணும். காலேஜ்ல வருஷத்துக்கு ஒரு லட்சம் கேக்குறாங்க. பேங்க்ல லோன் போடலாமா?" போடு, போடாதே என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

மூன்று வருஷத்துக்கு மூன்று லட்சம் கடன். வட்டி நூற்றுக்குப் பதினொன்று என்று வைத்துக்கொள்வோம். படிக்கிற காலத்திலும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை. 'அப்ப வட்டியும் இல்ல'ன்னு நம்ம ஆளுங்க நினைச்சிடுறாங்க. தவணைதான் இல்லை, வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதல் வருஷம் வாங்கிய லட்சத்துக்கு நாலு வருஷ வட்டி, அடுத்ததற்கு மூணு, கடைசிக்கு ரெண்டு. கூட்டினால் 99,000 ரூபாய். ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 4 லட்சம். ஏழு வருஷத்தில் அடைத்தால் மாதம் சுமார் 6,800. பதினைந்து வருஷம் என்று நீட்டினால் மாதம் சுமார் 4,500. ஆனால் கட்டி முடிக்கும்போது 8 லட்சத்துக்கு மேல் போயிருக்கும்.

இனி வரவுப் பக்கம். முதலில் இன்டர்ன்ஷிப் என்பார்கள், பல இடங்களில் பஸ் காசுதான் மிஞ்சும். அப்புறம் மாசம் 15,000 சம்பளம் என்று வையுங்கள். சென்னையில் ரூம் வாடகை, சாப்பாடு போக 6,800 எங்கிருந்து வரும்? அம்மா குழுக்கடன் வாங்கித் தருவாள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன்.

இந்த மாவட்டத்துக்குக் கடன் புதுசு இல்லை தோழர்களே. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் நம் மக்கள் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையில் நிலமின்மையும் கடனும் படியாள் அடிமைத்தனமும் பின்னிக் கிடந்ததைப் பார்க்கலாம். அதன் பிறகு 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலமும் கைமாறிப் போனது. கரணையில் அதைத் திருப்பிக் கேட்டுப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். நிலம் போனவன் வீட்டில்தான் படிப்பு என்றதும் கடன் பத்திரம் வருகிறது.

2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் வந்தபோது உலகத்து கேமரா எல்லாம் மாமல்லபுரத்தில் நின்றது. 2022 செஸ் ஒலிம்பியாடுக்கும் வந்தது. கரணைக்கு எத்தனை கேமரா வந்தது? அதனால்தான் நம்ம பிள்ளைங்க கேமரா பிடிக்கணும்னு ஆசைப்படுவது தப்பே இல்லை என்கிறேன்.

ஆனால் கதவு யார் கையில் இருக்கிறது? 2006-இல் டெல்லியில் 37 இந்தி, ஆங்கிலப் பத்திரிகைகள், டிவிக்களில் முடிவெடுக்கும் 315 பேரை ஆய்வு செய்தார்கள். ஒரு தலித் இல்லை, ஒரு பழங்குடி இல்லை. 2019-இல் ஆக்ஸ்ஃபாம், நியூஸ்லாண்டரி ஆய்வில் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினர் கையில். நாம் அங்கேயும் பூஜ்யம். கடன் விண்ணப்பத்தில் சாதி பார்க்காமல் வட்டி போடுகிறான். வேலைக்குப் போனால் சாதி பார்த்துச் சம்பளம் தீர்மானமாகிறது. வரவு செலவுக் கணக்கில் இந்த வரியை யாரும் எழுதுவதில்லை. நாம் எழுத வேண்டும்.

அப்போ என்ன செய்வது? முதலில் கடனில்லாத வழி. 2012-இல் வந்த அரசாணை 92-ஐ கையில் வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரம்புக்குள் வரும் ஆதிதிராவிட, பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை, சுயநிதிக் கல்லூரியானாலும் அரசே ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டால் சிக்கல் வரும். எந்த ஒதுக்கீடு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி இருக்கிறது. கைவேலையில் மனசு இருக்கிறவனுக்கு மாமல்லபுரத்திலேயே 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு.

அதற்கு மேலும் கடன் தேவைப்பட்டால் வாங்குங்கள், பயப்பட வேண்டாம். 4 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்பது விதி. மேனேஜர் வாயால் 'இல்லை' என்றால் எழுத்தில் கேளுங்கள். ஆனால் ஒரு அளவுகோல் வேண்டும்: மொத்தக் கடன் முதல் வருஷச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. 15,000 சம்பளத்துக்கு அது 1,80,000. நாலு லட்சம் அதில் இரண்டு மடங்குக்கும் மேல். அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான்: அந்தக் கல்லூரிக்கு அந்தக் கடன் வேண்டாம். விஸ்காமை விட்டுவிடவும் வேண்டாம்.

மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' பத்திரிகை தொடங்கினார். அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்', அம்பேத்கர் 1920-இல் 'மூக்நாயக்'. இவர்கள் யாரும் பத்திரிகைப் பட்டம் வாங்கவில்லை. பட்டம் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பேச வேண்டிய சேதி இருந்தது, அதுதான் முதல் தகுதி என்பதற்காகச் சொல்கிறேன். பட்டம் வாங்குங்கள். ஆனால் பதினைந்து வருஷம் தவணைக்குப் பயந்து முதலாளி சொன்னதை மட்டும் எழுதுகிற நிலைமைக்கு உங்களை விற்றுவிடாதீர்கள். கடன்பட்ட கை கேமராவைக் கரணை பக்கம் திருப்பாது.

பெற்றோர்களே, கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். புரியாவிட்டால் எங்களிடம் வாங்க, சேர்ந்து போடுவோம்.

ஜெய்பீம்!