பந்து வருவதற்கு முன்னால்



வானொலியில் கால்பந்து வர்ணனை கேட்டவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். வர்ணனையாளர் பந்தின் பின்னாலேயே ஓடுவார். பந்து நடுக்களத்தில், பந்து வலது ஓரத்தில், தூக்கி அடிக்கிறார், கோல்! அந்தக் கோலை அடித்தவர் அதுவரை எங்கே நின்றார், எந்தப் பக்கமாக வந்து சேர்ந்தார் என்பது நம் காதுக்கு வராது. குறையாகச் சொல்லவில்லை, வாயின் வேகம் அவ்வளவுதான். ஆனால் இன்றைக்கு நான் பேசப்போகிறவரின் வித்தை, வர்ணனையில் விடுபட்டுப்போகிற அந்த இரண்டு மூன்று நொடிகளில்தான் பெரும்பாலும் நடந்தது. அவர் உக்ரைன் நாட்டு ஸ்டிரைக்கர் ஆந்திரி ஷெவ்சென்கோ. ரசிகர்களுக்குச் சுருக்கமாக 'ஷேவா'.

1976 செப்டம்பர் 29ஆம் தேதி, கீவ் மாகாணத்தின் ஒரு சின்னக் கிராமத்தில் பிறந்தவர். அப்பா ராணுவக்காரர். பிள்ளைக்கு மூன்று வயதாக இருக்கும்போதே குடும்பம் கீவ் நகரத்துக்கு வந்துவிட்டது. 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தபோது அவருக்கு வயது ஒன்பது. கீவ் அங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். நகரத்துப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக வெளியே அனுப்பினார்கள். கடலோரத்துக்குப் போன பிள்ளைகளில் அவரும் ஒருவர்.

அந்தக் காலத்தில்தான் கீவில் ஒரு விளையாட்டுப் பள்ளியின் சேர்க்கைத் தேர்வுக்குப் போனார். பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு வளைந்து நெளிந்து ஓடிக்காட்ட வேண்டும். டிரிபிளிங் என்கிறோமே, அதுதான். பையன் தேறவில்லை.

இந்தத் தோல்வியை, பிற்காலத்தில் பெரிய ஆளான ஒருவருடைய வாழ்க்கையில் வரும் வழக்கமான வேடிக்கைக் கதையாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேர்வு நடத்தியவர்கள் கண்டது தவறில்லை என்றே நினைக்கிறேன். பந்தை வைத்து வித்தை காட்டுவது அவருடைய பலம் அல்ல, கடைசிவரை அல்ல. பந்து இல்லாமல் அவர் எப்படி ஓடுகிறார் என்று பார்க்க அந்தத் தேர்வில் இடமில்லை. பிறகு ஓர் இளையோர் போட்டியில் டைனமோ கீவ் கிளப்பைச் சேர்ந்த ஒருவர் கண்ணில் பட்டார், உள்ளே வந்துவிட்டார். 1990இல் வேல்ஸ் நாட்டில் இயன் ரஷ் பெயரில் நடந்த சிறுவர் போட்டியில் அதிக கோல் அடித்து, ரஷ் கையாலேயே ஒரு ஜோடி பூட்ஸ் பரிசு வாங்கினார். ரஷ் அப்போது லிவர்பூல் அணியின் பெரிய ஸ்டிரைக்கர். இந்த லிவர்பூல் என்ற பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

இப்போது அந்த வித்தைக்கு வருகிறேன்.

ஸ்டிரைக்கரைக் காவல் காக்கும் தடுப்பாட்டக்காரருக்கு ஒரு சங்கடம் உண்டு. அவர் இரண்டைப் பார்த்தாக வேண்டும்: பந்தையும் ஆளையும். பந்து களத்தின் நடுவே இருக்கும்வரை இரண்டும் ஒரே பார்வைக்குள் அடங்கும். ஓரத்துக்குப் போனதும் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். அந்தத் திருப்பலுக்கு அரை நொடி. ஷெவ்சென்கோ அந்த அரை நொடிக்காகக் காத்திருப்பார். முதலில் பக்கத்துக் கம்பத்தை நோக்கி ஓர் அடி வைப்பார். அது பொய் அடி. காவல்காரரின் உடல் பாரம் அந்தப் பக்கம் சாயும். அதற்குள் இவர் அவருடைய முதுகுப்பக்கம் நழுவியிருப்பார். அல்லது இதையே தலைகீழாகச் செய்வார்: தூரக் கம்பத்துக்குப் போவதுபோல் போக்குக்காட்டிவிட்டு, ஒரே பாய்ச்சலில் காவல்காரருக்கு முன்னால் வந்து நிற்பார். பந்து வரும்போது வேலையில் முக்கால் பங்கு முடிந்திருக்கும். மிச்சத்துக்கு இடது காலோ வலது காலோ தலையோ, எது அருகில் இருக்கிறதோ அது.

இன்னொன்று, ஆஃப்சைடு கோடு. நேராக ஓடினால் கோட்டைத் தாண்டிவிடுவோம். அதனால் இடது பக்கத்திலிருந்து கோட்டுக்கு இணையாகக் கொஞ்ச தூரம் ஓடி, பந்து புறப்படும் கணத்தில் வளைந்து உள்ளே நுழைவார். அந்த வளைவு கொஞ்சம் முந்தினால் கொடி உயரும், பிந்தினால் பந்து போய்விடும்.

இது பிறவியில் வந்ததா, பழக்கத்தில் வந்ததா? இரண்டும்தான். ஆனால் பழக்கியவர் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. வலேரி லோபனோவ்ஸ்கி. சோவியத் காலத்திலேயே டைனமோவை ஐரோப்பாவின் முன்வரிசைக்குக் கொண்டுவந்த பயிற்சியாளர். பொறியியல் படித்தவர். கால்பந்தை ஓர் இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதுபோல் பார்த்தவர். ஆட்டக்காரர்களின் ஓட்டத்தைக் கணினியில் ஏற்றிக் கணக்குப் பார்ப்பது அவர் வழக்கம், அதுவும் மற்றவர்கள் அதை நினைத்துப் பார்க்காத நாட்களில். ஆட்டம் நடக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருப்பார். முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது. 1997இல் அவர் டைனமோவுக்குத் திரும்பியபோது ஷெவ்சென்கோவுக்கு இருபது வயது. செங்குத்தான மேட்டில் ஏறி ஏறி ஓடவைத்த அவருடைய பயிற்சிக்கு இளைஞர்களே நடுங்குவார்கள். பந்து எதிராளியிடம் போன மறுகணம் எல்லோரும் துரத்த வேண்டும், ஸ்டிரைக்கர் உட்பட. சும்மா நின்று காத்திருக்கும் உரிமை யாருக்கும் கிடையாது.

அதன் பலன் 1997 நவம்பர் 5 அன்று பார்சிலோனாவில் தெரிந்தது. கேம்ப் நௌ மைதானத்தில் பார்சிலோனா 0, டைனமோ கீவ் 4. இடைவேளைக்கு முன்பே ஷெவ்சென்கோ மூன்று கோல்: இரண்டு தலையால், ஒன்று பெனால்டியில். நான்காவதை அடித்தவர் அவருடைய கூட்டாளி செர்ஹி ரெப்ரோவ். இருவரில் ஒருவர் இறங்கினால் மற்றவர் ஏறுவார், கிணற்று ஏற்றத்தில் மாறி மாறி மிதிப்பவர்கள்போல. அடுத்த பருவத்தில் அதே டைனமோ சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்குப் போனது. காலிறுதியில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து டைனமோ போட்ட மூன்று கோல்களும் ஷெவ்சென்கோவுடையவை. அரையிறுதியில் பயர்ன் மியூனிக் மறித்துவிட்டது. அந்த அணி இறுதிக்குப் போயிருக்க வேண்டியது என்பது என் பக்கச்சார்பான கருத்து.

1999இல் ஏ.சி. மிலான் ஏறக்குறைய 25 மில்லியன் டாலர் கொடுத்து அவரை வாங்கியது. இத்தாலியத் தடுப்பாட்டம் உலகிலேயே கஞ்சத்தனமானது என்று பெயர். வெளிநாட்டு ஸ்டிரைக்கர் பழகவே இரண்டு பருவம் ஆகும் என்பார்கள். இவர் முதல் பருவத்திலேயே 24 கோல் அடித்து லீக்கின் அதிக கோல்காரர் ஆனார். 2003-04இல் மீண்டும் 24, அந்த ஆண்டு லீக் பட்டமும் மிலானுக்கு. மிலான் சட்டையில் மொத்தம் 175 கோல்கள். கிளப்பின் வரலாற்றில் அவருக்கு மேலே இருப்பவர் ஸ்வீடனின் கன்னார் நோர்டால் ஒருவர்தான்.

அங்கே அவருக்குப் பந்து கொடுத்தவர்களைப் பாருங்கள்: ரூயி கோஸ்டா, பிர்லோ, பிறகு காகா. மூவருமே தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொடுப்பவர்கள். பந்து எப்போது கிளம்பும் என்று தெரிந்தவரால்தான் அதற்கு முன்னால் கிளம்ப முடியும். 2001 கடைசியில் யுவென்டஸுக்கு எதிராக வலது ஓரத்திலிருந்து எதிராளிகளைக் கடந்து, குறுகலான கோணத்திலிருந்து கோல்கீப்பர் பஃபோன் தலைக்கு மேலே அடித்த ஒரு கோல் உண்டு. டிரிபிளிங் தேர்வில் தோற்ற பையனின் பதில் அது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது விதிவிலக்கு, அதை வைத்து அவரை மதிப்பிடக் கூடாது.

2003 மே 28, மான்செஸ்டரில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. மிலானும் யுவென்டஸும் கூடுதல் நேரம் முடிந்தும் கோலே போடவில்லை. பெனால்டிகள். மிலானின் ஐந்தாவது உதை ஷெவ்சென்கோவுக்கு, போட்டால் கோப்பை. நடுவரைப் பார்க்கிறார், பஃபோனைப் பார்க்கிறார், மறுபடி நடுவரைப் பார்க்கிறார். எத்தனை முறை பார்த்தார் என்று எண்ணியதில்லை, எண்ணவும் விடாது அந்தக் காட்சி. பஃபோன் ஒரு பக்கம் பாய, பந்து மறுபக்கம் போனது. லோபனோவ்ஸ்கி அதற்கு ஓராண்டுக்கு முன் இறந்திருந்தார். ஷெவ்சென்கோ பதக்கத்தை எடுத்துக்கொண்டு கீவில் அவருடைய கல்லறைக்குப் போனார்.

2004இல் தங்கப் பந்து விருது. உக்ரைன் மண்ணிலிருந்து அதை வாங்கிய மூன்றாமவர். 1975இல் ஒலெக் பிளோகின், 1986இல் இகோர் பெலானோவ். மூவருமே லோபனோவ்ஸ்கியின் கையில் டைனமோவில் ஆடியவர்கள்.

லிவர்பூலை நினைவில் வைக்கச் சொன்னேன். 2005 மே 25, இஸ்தான்புல். நம் ஊரில் நள்ளிரவு தாண்டியிருந்தது. இடைவேளையில் மிலான் 3-0. நான் எழுந்துபோய்ப் படுத்திருக்கலாம், படுக்கவில்லை. இரண்டாம் பாதியில் ஆறே நிமிடங்களில் லிவர்பூல் 3-3 ஆக்கியது. கூடுதல் நேரம் முடியப் போகிறது. ஷெவ்சென்கோ தலையால் முட்டுகிறார், கோல்கீப்பர் டூடெக் தட்டுகிறார். பந்து திரும்ப இவர் காலடிக்கே வருகிறது. கோலுக்கு எட்டும் தூரம். அடிக்கிறார். அதுவும் டூடெக் கையில் பட்டு மேலே போய்விட்டது. அவர் ஓட்டத்தில் பிழையில்லை, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தார், செய்ய வேண்டியதைச் செய்தார். பிறகு பெனால்டியில் கடைசி உதையும் அவருடையது. ஏறக்குறைய நடுவில் அடித்தார். சாய்ந்து விழுந்துகொண்டிருந்த டூடெக்கின் கை அதைத் தடுத்தது. கோப்பை லிவர்பூலுக்கு.

அடுத்த ஆண்டு செல்சி கிளப் ஏறக்குறைய 30 மில்லியன் பவுண்டுக்கு அவரை லண்டனுக்குக் கொண்டுபோனது. முதல் பருவத்தில் லீக்கில் 4 கோல். இதற்கு வயது, காயம், மொழி என்று பல காரணம் சொல்வார்கள், எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. என் கணக்கு வேறு. அந்த அணியின் நடு இடம் டிடியே ட்ரோக்பாவுடையது. பந்து அவரை நோக்கி வரும், அவர் மார்பால் தாங்குவார், மற்றவர்கள் சுற்றி ஓடுவார்கள். ஷெவ்சென்கோ ஓடுகிற வெளியில் ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மிலானுக்கு ஒரு பருவம் கடனாகத் திரும்பியும் லீக்கில் ஒரு கோல்கூட இல்லை. 2009இல் தொடங்கிய இடத்துக்கே, டைனமோவுக்கே வந்துவிட்டார்.

நாட்டு அணிக்கு 111 ஆட்டங்களில் 48 கோல்கள். 1999இல் மாஸ்கோவில், ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றில், தோல்வியின் விளிம்பிலிருந்து அவருடைய ஒரு ஃப்ரீ கிக், ரஷ்ய கோல்கீப்பர் கை தவறி வலைக்குள் விட்டுவிட்டார். 1-1, ரஷ்யா வெளியே. 2006இல் உக்ரைன் முதல்முறையாக உலகக் கோப்பை ஆடிக் காலிறுதி வரை போனது. ஓய்வுக்குப் பின் அரசியலில் நின்று தோற்றார். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நாட்டு அணியின் பயிற்சியாளராக ஐந்தாண்டு இருந்தார். போர் நடுவே, 2024 ஜனவரியில் உக்ரைன் கால்பந்துச் சங்கத்தின் தலைவரானார்.

பல கோல்கள் சொன்னேன். ஒன்றே ஒன்றைத் தேடிப் பார்க்க முடியும் என்றால், 2012 ஜூன் 11, கீவ், ஐரோப்பியக் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிரான ஆட்டத்தைப் பாருங்கள். அவருக்கு வயது 35, முட்டி தேய்ந்துபோயிருந்த காலம். பயிற்சியாளர் அதே ஒலெக் பிளோகின். இப்ராகிமோவிச் அடித்து ஸ்வீடன் முந்திவிட்டது. அடுத்த பத்து நிமிடங்களுக்குள் ஷெவ்சென்கோ இரண்டு முறை தலையால் முட்டினார், இரண்டும் கோல், உக்ரைன் 2-1. முதல் கோலில் சக வீரர் யார்மொலென்கோ வலது ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கி அடிப்பார். அப்போது எல்லோர் கண்ணும் பந்தோடு போகும், உங்கள் கண்ணும் போகும். அதைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள், இந்த முறை பந்தை விட்டுவிட்டு, தடுப்பாட்டக்காரரின் தோளுக்குப் பின்னால் நிற்கிற 7ஆம் எண் சட்டையை மட்டும் பாருங்கள்.