பாதை பொதுவானது, வாசல் யாருடையது?

(தொழிற்சங்கப் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)



தேநீர்க் கடையில் ஒட்டியிருக்கும் கட்டச் சதுரத்தைக் கைபேசியில் படம் பிடித்துப் பத்து ரூபாய் கொடுக்கிறோம். கொடுப்பவரின் கணக்கு ஒரு பாங்கில். கடைக்காரரின் கணக்கு வேறொரு பாங்கில். இருவரும் வைத்திருக்கும் செயலிகளோ வெவ்வேறு கம்பெனிகளுடையவை. ஆயினும் சில விநாடிகளில் பணம் போய்ச் சேருகிறது. இது எப்படி நடக்கிறது? இதன் பலன் யாருக்குப் போகிறது? இவ்விரண்டையும் இன்று சிந்திப்போம்.

முன்பு சென்னை சென்ட்ரலில் அகலப் பாதை, எழும்பூரில் மீட்டர் பாதை. பாதை மாறும் இடத்தில் மூட்டைகளை இறக்கி வேறு வண்டியில் ஏற்றியாக வேண்டும். மின்னணுப் பணமும் இப்படித்தான் இருந்தது. பாங்குக்குப் பாங்கு உடனே பணம் அனுப்பும் ஐ.எம்.பி.எஸ். 2010-லேயே வந்தது. ஆனால் கணக்கு எண்ணும் கிளைக் குறியீடும் போன்ற விவரங்கள் தெரிந்தாக வேண்டும். மின்னணுப் பணப்பைக் கம்பெனிகளோ ஆளுக்கொரு மதிலை எழுப்பிக் கொண்டன. ஒரு கம்பெனியின் பையிலிருந்து மற்றொன்றின் பைக்குப் பணம் போகாது.

இந்த மதில்களைத் தாண்டுவதற்கு வகுக்கப்பட்டதே யு.பி.ஐ. என்னும் பொது இணைப்பு முறை. இதை நடத்தும் தேசியப் பணப் பட்டுவாடாக் கழகம் 2008-ல் உருவானது. அதைத் தோற்றுவித்த 10 பாங்குகளில் 6 பொதுத்துறை பாங்குகள். 2016 ஏப்ரல் 11 அன்று மும்பையில் ரிசர்வ் பாங்கு கவர்னர் ரகுராம் ராஜன் இதைத் தொடங்கி வைத்தார். முதலில் 21 பாங்குகளுடன் சோதனை நடந்தது.

இதன் சூட்சுமம் என்ன? எல்லா பாங்குகளும் எல்லாச் செயலிகளும் ஒரே வகையான செய்திப் படிவத்தில் பேச வேண்டும் என்பதுதான். கணக்கு எண்ணுக்குப் பதிலாக ஒரு முகவரி. நாம் தொகையைக் குறித்ததும், செயலிக்குப் பின்னால் உள்ள பாங்கு அச்செய்தியைக் கழகத்தின் மைய இயந்திரத்துக்கு அனுப்புகிறது. அது பெறுபவரின் முகவரி எந்தக் கணக்கைக் குறிக்கிறது என்று விசாரிக்கிறது. நம் பாங்கிடம் கழிக்கச் சொல்கிறது. அவர் பாங்கிடம் வரவு வைக்கச் சொல்கிறது. வரவு விழாவிட்டால் கழித்த பணம் திரும்ப வேண்டும். ரகசிய எண்ணைப் பதியும் திரையோ செயலிக் கம்பெனியுடையதல்ல. கழகம் கொடுத்த பொது நிரல். எண் கைபேசியிலேயே பூட்டப்பட்டு நம் பாங்குக்குப் போகிறது. செயலி அதைப் படிக்க முடியாது.

நல்ல திட்டம்தான், சந்தேகமில்லை. 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கு மேற்பட்ட பட்டுவாடாக்கள் இப்பாதையில் நடந்தன.

ஆனால் தோழர்களே, பாதையைப் பொதுவாகப் போட்டவர்கள் வாசலைக் காக்கவில்லை. 2025-ல் நடந்த பட்டுவாடாக்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இரண்டே செயலிகள் வழியாகச் சென்றன. ஒன்று போன்பே; அதன் பெரும்பங்கு அமெரிக்க வால்மார்ட் கையில். மற்றொன்று கூகிள் பே. கணக்கை வைத்திருப்பது, கழிப்பது, வரவு வைப்பது ஆகிய பாரமெல்லாம் பாங்குகள் மீது. அதிலும் ஸ்டேட் பாங்கு போன்ற பொதுத்துறை பாங்குகள் மீது. மக்களின் முகத்தைப் பார்ப்பதும், அவர்களிடம் கடனும் இன்ஷூரன்சும் விற்பதும் அன்னிய மூலதனத்தின் வேலை! உழைப்பு ஒரு பக்கம், பலன் மறுபக்கம். இது நமக்குப் பழகிய கதைதானே?

எந்தச் செயலியும் 30 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது என்று கழகமே 2020 நவம்பரில் விதி செய்தது. அதற்கு வைத்த கெடு 2022 இறுதி. அது 2024 இறுதிக்குத் தள்ளிப் போயிற்று. பின்னர் 2026 இறுதிக்கும் தள்ளிப் போயிற்று. ஏழை விவசாயியின் கடனுக்குக் கெடு இப்படி நீளுமா?

வேறு வழி இல்லையா? பிரேசிலைப் பாருங்கள். அங்கே 2020 நவம்பரில் வந்த ‘பிக்ஸ்’ முறையை மத்திய பாங்கே நேரடியாக நடத்துகிறது. பெரிய பாங்குகள் அதில் சேர்ந்தே ஆக வேண்டும். 2025 ஜூலையில் அமெரிக்க சர்க்கார் பிரேசில் மீது தொடங்கிய வர்த்தக விசாரணையில் மின்னணுப் பட்டுவாடா சேவையும் சேர்க்கப்பட்டது. யாருக்கு வலிக்கிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

நாம் கோருவது என்ன? 30 சதவிகித விதியை ஒத்திப் போடாமல் அமல் நடத்த வேண்டும். பொதுத்துறை பாங்குகள் தங்கள் செயலிகளைச் செம்மைப்படுத்த வேண்டும். அதற்கு வேண்டிய ஊழியரை நிரந்தரமாக நியமிக்க வேண்டும். சாதாரண கைபேசி வைத்திருப்போருக்காக 2022 மார்ச்சில் வந்த 123பே வசதியைக் கிராமந்தோறும் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதைக் காரணம் காட்டிக் கிளைகளை மூடக் கூடாது.

இன்னொரு விஷயத்தை ஒவ்வொரு தோழரும் தம் தெருவில் சொல்ல வேண்டும். நம் கணக்கில் பணம் கழிந்து, பெறுபவருக்குச் சேராவிட்டால், மறுநாளுக்குள் அது தானாகத் திரும்பியாக வேண்டும். கடைக்குச் செலுத்தியது உறுதியாகாவிட்டால் ஐந்து நாள். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு. இது ரிசர்வ் பாங்கு 2019 செப்டம்பரில் இட்ட உத்தரவு. கூலிக்காரரின் 500 ரூபாய் நடுவழியில் நின்றால் அன்று அவர் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே இந்த உத்தரவைத் தமிழில் எழுதி ஒவ்வொரு கிளை வாசலிலும் ஒட்டும்படி கேட்போம்.

1969-ல் 14 பாங்குகள் தேசவுடைமையாயின. அன்று பெற்றதை இன்று கைபேசித் திரையில் இழக்க நாம் சம்மதியோம். பொதுப் பணத்தின் பாதை மட்டுமல்ல, அதன் வாசலும் மக்களுடையதாக வேண்டும். அதற்காகப் பாங்கு ஊழியரும் உழைப்பாளி மக்களும் ஒன்றுபட்டு நிற்போம்!